கட்டிலிலிருந்து கதவு வரை

என் சின்ன அக்காவின் கணவர் ஒரு பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டுகிறார். பதினேழு வயதில் அதே கம்பெனியின் குடோனில் பெட்டி ஏற்றும் ஆளாகச் சேர்ந்தார். ஏழு வருடம் முதுகால் சம்பாதித்த பிறகு உரிமம் வாங்கி ஸ்டியரிங்கைப் பிடித்தார். இதுவரை மூன்று வேன் மாறியிருக்கிறது, நான்கு மேனேஜர் மாறியிருக்கிறார்கள். மாமாவின் பழுப்புச் சட்டையும் காதில் செருகிய பால்பாயிண்ட் பேனாவும் மாறவில்லை.

வேனுக்குள் அறுபது பெட்டி இருந்தாலும் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வீட்டுச் சாவி எங்கே என்று மட்டும் அவரைக் கேட்கக் கூடாது. "உங்க மாமாகிட்ட ஊரே சாமானை ஒப்படைக்குது. நான் ஒரு சீப்பைக் கொடுத்தா திரும்பி வராது" என்பாள் அக்கா.

அந்த அக்காவைத்தான் ஆறாம் மாதத்தில் டாக்டர் படுக்கச் சொல்லிவிட்டார். வீட்டிலும் இல்லை, ஆஸ்பத்திரியிலேயே, பிரசவம் வரை. மூத்தவளுக்கு நான்கு வயது. எதையும் மேற்பார்வை பார்ப்பதால் சூப்பர்வைசர் என்று பெயர் வாங்கியவள். இளையவனுக்கு இரண்டு நிறையவில்லை. பார்த்த மாத்திரத்தில் ஏன் என்று புரிந்துவிடும் விதத்தில் அவன் பெயர் உருண்டை.

உதவிக்கு நான் போனேன். பட்டப் படிப்பு முடித்து வேலைக் கடிதத்துக்குக் காத்திருந்த நேரம். உளவியல் படித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் என்பதால், குழந்தைக்குச் சொறி வந்தாலும் டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் என்னைத்தான் கேட்பார்கள். எனக்கும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. பையில் ஒரு ஃபைல் கொண்டுபோயிருந்தேன். சிறு குழந்தைகளுடன் வீட்டில் செய்யக்கூடிய ஐம்பது செயல்பாடுகள். ஒவ்வொன்றையும் கலரில் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டிருந்தேன்.

முதல் வாரத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. மாமா விடிவதற்குள் குடோனுக்குப் போய் வேனில் சரக்கு ஏற்றிவிட்டு, ஏழேகாலுக்கு வீட்டுக்கு வருவார். எட்டரைக்குள் மூத்தவளை நர்சரியில் விட்டுவிட்டு டெலிவரிக்குக் கிளம்ப வேண்டும். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் வீடு சந்தைக்கடையாகும். ஒரு ஷூ கிடைக்கும், ஜோடி கிடைக்காது. ஷூ கிடைத்ததும் சட்டை காணாமல் போகும். நான் பின்னால் ஓடுவேன், அவர் முன்னால் ஓடுவார், பிள்ளைகள் இரண்டும் எங்கள் நடுவில் நின்று அழும். மூன்றாம் நாள் சூப்பர்வைசர் ராத்திரி போட்ட பூப்போட்ட சட்டையோடு நர்சரிக்குப் போய்விட்டாள். அதே நாள் உருண்டை என் செயல்பாட்டு அட்டை எண் பதினான்கையும் பச்சைக் கிரேயானில் பாதியையும் தின்றான்.

மாமா வேனை எடுத்துக்கொண்டு போனதும் நான் சமையலறைக்குள் நின்று பெரியக்காவுக்கு போன் போட்டேன். பெரியக்கா ஆறு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனை நடத்துகிறாள். முந்நூறு பேரை வரிசையில் நிற்கவைத்துப் பழகிய குரல்.

"என்னடி, குரலே சரியில்ல?"

"இங்க ஒண்ணும் ஒழுங்கா இல்லக்கா. பிள்ளைங்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு இல்ல, குளியல் இல்ல. மாமாவால முடியல."

"உன்னால?"

கழுவிய டம்ளரையே எடுத்து மறுபடியும் கழுவினேன்.

"நீ படிச்சவ, நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எனக்கு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் லீவு. அந்த வெள்ளிக்கிழமை காலையில வரேன். ரெண்டையும் என்கூட அனுப்பிருங்க. குழந்தை பிறந்தப்புறம் கொண்டாந்து விடறேன்."

சரிக்கா என்றேன். அப்போது எனக்கு வந்தது நிம்மதிதான். அதை ஒளிக்க விரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். ஆனால் நாலு மணிக்கு வரும் நர்ஸம்மா நல்லவர். அக்காவின் கட்டிலைக் கண்ணாடிக் கதவுப் பக்கம் தள்ளி வைப்பார். இந்தப் பக்கம் நடைபாதையில் சூப்பர்வைசர் கதவில் மூக்கை அமுக்கிக்கொண்டு நிற்பாள். உருண்டை கண்ணாடியை நக்குவான். அந்தப் பக்கம் அக்கா படுத்தபடியே கையை வைப்பாள். தினமும் இருபது நிமிடம். போன் போட்டபோது இந்த இருபது நிமிடத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

பெரியக்கா வரப்போகும் செய்தியைப் பெரியக்காவே அக்காவிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் நான் மட்டும் உள்ளே போனபோது அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"மூணு மாசம்டி" என்றாள். "பெரியவ தாங்கிக்குவா. சின்னவனுக்கு என் முகம் நினைவிருக்குமா?"

"இருக்கும்க்கா" என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

மாமா அன்று சாயங்காலம் வழக்கம்போலச் சாப்பிட்டார், தட்டுகளைக் கழுவினார், உருண்டையைத் தோளில் போட்டுத் தூங்க வைத்தார். பெரியக்காவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் வேலையிலிருந்து வரும்போது கையில் மஞ்சள் டேப் ஒரு சுருள் இருந்தது. குடோனில் எந்தச் சரக்கு எங்கே என்று தரையில் கோடு போட ஒட்டுவார்களே, அது.

"சுட்டது இல்ல, கேட்டுத்தான் வாங்கினேன்" என்றார் என் பார்வையைப் பார்த்து.

முட்டி போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளின் கட்டிலிலிருந்து வாசல் கதவு வரை தரையில் ஏழு கட்டம் ஒட்டினார். சூப்பர்வைசர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"இது என்னப்பா?"

"ரூட்டு. நீதான் டிரைவர். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு டிராப் இருக்கும். அதை முடிச்சாத்தான் அடுத்ததுக்குப் போகணும்."

"டிராப்னா?"

"பார்சல் கொடுக்கிற இடம். முதல் டிராப் பல்லு. ரெண்டாவது மூஞ்சி. மூணு, சட்டை. நாலாவதுல பாலும் முட்டையும். அஞ்சு சாக்ஸ், ஆறு ஷூ. ஏழாவது பை. அப்புறம் கதவு. வண்டி கிளம்பிரும்."

"கையெழுத்து?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் எதிர்பார்த்திருந்தார். பழைய டெலிவரித் தாள்களின் பின்பக்கத்தை ஓர் அட்டையில் கிளிப் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு டிராப் முடிந்ததும் அவள் கிரேயானால் ஒரு கிறுக்கல் போடுவாள். என் ஃபைலில் கோடு வரையப் பழக்கும் அட்டைகள் ஆறு இருந்தன. ஒன்றையாவது அவள் தொட்டதில்லை. இங்கே ஒரு நாளைக்கு ஏழு கையெழுத்து. மூன்றே நாளில் கிரேயானை முழுக்கையால் பிடிப்பதை விட்டு விரலால் பிடித்தாள்.

உருண்டைக்கு ஒரே டிராப். கழற்றிய சட்டையை வாளியில் போடுவது. போட்டுவிட்டுத் தானே கைதட்டுவான். பிறகு அதே சட்டையை வெளியே எடுத்து மறுபடியும் போடுவான். ஒருநாள் எண்ணினேன், பதினொரு தடவை.

எல்லாம் மாமாவின் மூளையில் உதித்தது என்று எழுதினால் அவரே ஒப்புக்கொள்ள மாட்டார். என் ஃபைலிலும் சில உதவின. கப்பிலிருந்து கப்புக்குத் தண்ணீர் ஊற்றும் விளையாட்டு உருண்டையை அரைமணி நேரம் ஓரிடத்தில் உட்காரவைத்தது. பாட்டில்களுக்கு மூடி தேடுவதும் அப்படித்தான். மதியத்தில் சாக்ஸ்களைத் தரையில் கொட்டி ஜோடி சேர்ப்போம். தனியாக மிஞ்சும் சாக்ஸுக்கு "லீவு" என்று சூப்பர்வைசர் அறிவிப்பாள். இன்னொரு அட்டையில், குழந்தை தானே ஷூ போடும்போது உதவுவதற்கு முன் மனதுக்குள் பத்து எண்ணுங்கள் என்று இருந்தது. அதை மாமாவிடம் சொன்னேன். எதையும் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்தே பழகிய மனிதருக்கு அது பெரிய தண்டனை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்துகொண்டு எண்ணுவார்.

"ஏழு, எட்டு... புரொபசர், இருபது வரைக்கும் எண்ணலாமா? இப்பதான் குதிகால் உள்ள போகுது."

எனக்கு அவர் வைத்த பெயர் புரொபசர். கேலிதான், ஆனால் அதில் முள் இருக்காது.

இப்படியே பத்து நாள் ஓடியது. காலையில் யாரும் அழவில்லை. சூப்பர்வைசர் எங்களுக்கு முன்னால் கதவருகே நின்று "வண்டி லேட்டு" என்று குரல் கொடுத்தாள். நாலு மணிக் கண்ணாடியில் அவளுடைய கையெழுத்துத் தாளை ஒட்டிக் காட்டினாள். அக்கா அதைப் படித்துப் பார்த்துத் தலையாட்டினாள். ஆனால் வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டே இருந்தது. பெரியக்காவை போனில் கூப்பிட்டு வரவேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். இரண்டு முறை எண்ணை எடுத்தேன். ஒரு வாரத்தில் பேச்சை மாற்றினால் படித்தவள் என்ற மதிப்பு என்னாகும் என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. அந்த நினைப்பை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. அன்று அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

வழக்கமாக மறுநாளுக்கான சாமான்களை மாமாவும் மகளும் சாயங்காலமே கட்டங்களில் வைத்துவிடுவார்கள். வியாழக்கிழமை வேன் பஞ்சராகி அவர் வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமை விடியலில், குடோனுக்குக் கிளம்பும் அவசரத்தில், தனியாக அவரே எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போனார்.

நான் எழுந்து முட்டை வேகவைத்தேன். பெரியக்கா வருகிறாள் என்ற பதற்றத்தில் அடுப்பை மூன்று முறை துடைத்தேன். பாலையும் முட்டையையும் நாலாவது கட்டத்தில் வைத்துவிட்டு, உருண்டையைக் குளிப்பாட்டப் போனேன். மற்ற கட்டங்களில் ஏதோ இருந்தது. இருக்கிறதே என்று பார்த்தேன், என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஏழு கட்டத்தில் நாலாவது எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் நாலாவதுதான்.

ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஈரக் கையோடு உருண்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்னால் சூப்பர்வைசர் ஸ்டூல் மேல் ஏறித் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள்.

வாசலில் பெரியக்கா. ஒரு கையில் அவள் பை, இன்னொரு கையில் பிள்ளைகளின் துணி வைக்கக் கொண்டுவந்த காலிப் பெட்டி. அவள் எதிரே நின்ற பெண்ணின் முதுகில் நர்சரிப் பை. பைக்கு மேல் யூனிஃபார்ம் சட்டை, கூன் விழுந்தது போலப் புடைத்துக்கொண்டு, மேல் பொத்தான் மட்டும் போட்டபடி. காலில் ஷூ. ஷூவுக்கு மேல் சாக்ஸ். உதட்டோரம் பால் மீசை. வாயில் பிரஷ், தாடை முழுக்க நுரை. கக்கத்தில் கையெழுத்து அட்டை.

பெரியக்கா வாசலைத் தாண்டவில்லை.

"என்னடி இது கோலம்?"

"கழி ழாப்" என்றாள் சூப்பர்வைசர். நுரையைக் கப்பில் துப்பிவிட்டுத் திருத்தினாள். "கடைசி டிராப், பெரியம்மா. பல்லு."

எனக்கு அப்போதுதான் தரை கண்ணில் பட்டது. கட்டிலோரம் பை இருந்த கட்டம், அடுத்து ஷூ, அடுத்து சாக்ஸ். கதவோரம் பல் விளக்கும் கப்பு. மாமா வேனில் ஏற்றுவது போல வீட்டை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். வேனில் முதலில் இறக்க வேண்டிய பெட்டி கதவோரம் இருக்க வேண்டும், கடைசியில் இறக்க வேண்டியது உள்ளே ஆழத்தில். இருபது வருடமாக விடியற்காலையில் அந்தக் கை செய்வது அது ஒன்றைத்தான். கை அதன் வேலையைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. ஆனால் பிள்ளை புறப்படுவது கதவிலிருந்து அல்ல, கட்டிலிலிருந்து.

பெரியக்கா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானுக்குக் கையை நீட்டினாள்.

"கையை வைக்காதீங்க பெரியம்மா. இது என் ரூட்டு."

அந்த நேரம் பார்த்து மாமா படியேறி வந்தார். பெரியக்காவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"வாங்கண்ணி" என்றார்.

"அப்பா, லோடைத் தப்பா ஏத்திட்டீங்க" என்றாள் மகள். கோபமில்லை, புகார்கூட இல்லை. தகவல் சொன்னாள்.

"தெரிஞ்சும் ஏம்மா போட்டுக்கிட்ட?"

"கட்டத்துல இருந்துச்சுல்ல. முடிச்சாத்தான் அடுத்ததுக்குப் போகணும்னு நீங்கதான் சொன்னீங்க."

மாமா மெதுவாக வாசல் ஓரத்தில் உட்கார்ந்தார். "சூப்பர்வைசர், இப்ப என்ன பண்ணலாம்?"

அவள் யோசித்தாள். பிறகு சாக்ஸைக் கழற்றினாள், ஷூவைக் கழற்றினாள், சட்டை, பை. ஒவ்வொன்றையும் அதனதன் கட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். உருண்டை என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, கழற்றிய சட்டையைப் பார்த்ததும் பாய்ந்து வாளியில் போட்டுக் கைதட்டினான். அதை மீட்பதே தனி வேலையானது. எல்லாம் இடம் மாறியதும் அவள் கட்டிலுக்குப் போய் ஏறிப் படுத்து, கண்ணை மூடித் திறந்து, எழுந்தாள். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பல்லைக்கூட விடவில்லை.

பெரியக்காவின் விரல்கள் இரண்டு தரம் முன்னால் போயின. மாமா தன் கைகள் தொடைக்கு அடியில் இருப்பதைக் கண்ணாலேயே காட்டினார். முந்நூறு பேருக்குப் பரிமாறும் பெரியக்கா ஒரு நிமிடம் அவரை முறைத்துவிட்டு, தானும் தரையில் உட்கார்ந்து கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இடது ஷூ இடது காலுக்குப் போக ஐந்து நிமிடம் ஆனது. ஆனால் போனது. யாரும் தொடவில்லை. ஏழாவது கையெழுத்தையும் போட்டுவிட்டு, "வண்டி லேட்டு" என்றாள் எங்கள் மூவரையும் பார்த்து.

பெரியக்காவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ராத்திரியெல்லாம் ரயில்ல உக்காந்து வந்தது ஷூவுக்கு மேல சாக்ஸ் பாக்கவா" என்றாள். பிறகு முகம் மாறியது. என் பக்கம் திரும்பினாள்.

"நீ என்ன சொல்ற? நீதானே போன் பண்ணி முடியலன்னு சொன்ன? நான் பாட்டுக்குச் சிரிச்சுட்டுப் போயிட்டா நாளைக்கு மறுபடியும் போன் பண்ணுவியா?"

மாமா இருக்கும்போதே கேட்டுவிட்டாள்.

"அன்னைக்கு நான் பயந்துட்டேன்க்கா. மாமாவுக்கு முடியலன்னு சொன்னேன். முடியாம இருந்தது எனக்கும்தான், அதைச் சொல்லல. இன்னைக்குக் கேட்டா, பிள்ளைங்க இங்கயே இருக்கட்டும். சின்னக்கா தினமும் அவங்களைப் பாக்கணும்."

மாமாவைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவர் மகளின் பை வாரைச் சரிசெய்வது போலக் குனிந்திருந்தார்.

"புரொபசர் போன் பண்ணது எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணி" என்றார். "சாவியை மறந்துட்டுத் திரும்பி வந்தேன். சன்னல் திறந்திருந்துச்சு. அவ சொன்னதுல ஒரு பொய்யும் இல்ல. பிள்ளையை ராத்திரிச் சட்டையோட இறக்கிவிட்ட ஆளு நான்தானே. வேற யாராவது சொன்னா கோபம் வந்திருக்கும். இவ சொன்னதும், சரி, எங்க தப்புன்னு பார்ப்போம்னு தோணுச்சு."

இரண்டு வாரம். தெரிந்தும் தெரியாதது போல என்னோடு சாக்ஸ் ஜோடி சேர்த்திருக்கிறார். பத்து எண்ணச் சொன்னால் எண்ணியிருக்கிறார். அவர் முகம் கோணியிருந்தால், ஒரு நாள் என் சாப்பாட்டை மட்டும் எடுத்து வைக்காமல் இருந்திருந்தால், நான் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போயிருப்பேன், என் பக்கம் நியாயம் இருப்பதாகவும் நம்பியிருப்பேன். அதற்கு அவர் இடமே கொடுக்கவில்லை. அவருக்கு இன்றுவரை நான் நன்றி என்று வாயால் சொன்னதில்லை. சொன்னால் எதுக்கு என்று கேட்பார், எனக்கு விளக்கத் தெரியாது. எழுதுவது சுலபமாக இருக்கிறது.

பெரியக்கா எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள். "சரி, ரெண்டும் இங்கயே இருக்கட்டும். எனக்கு நாலு நாள் லீவு இருக்கு. சமையல் என்கிட்ட விட்டுருங்க. அந்த உருண்டைக்கும் நாலு கட்டம் ஒட்டுங்க, சட்டையையே எத்தனை நாள் வாளியில போடுவான்." கதவுவரை போன மாமாவை நிறுத்தி, "தம்பி, வைக்கறப்ப கட்டில்ல உக்காந்து பாத்து வைங்க" என்றாள். மாமா சரிங்கண்ணி, சரிங்கண்ணி என்று இரண்டு முறை சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினார். அன்றைய முதல் டெலிவரி இருபது நிமிடம் தாமதம்.

நாலு மணிக்கு நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டில் கண்ணாடிப் பக்கம் வந்தது. பெரியக்காவைப் பார்த்ததும் அக்காவின் கண் கலங்கியது, பிள்ளைகளை அழைத்துப் போகும் முன் கடைசியாகக் காட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். உருண்டையை ஒரு முறை பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். பெரியக்கா கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து இல்லை இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினாள். கண்ணாடி தடிமன், குரல் போகாது. அதனால் நடந்ததை நடித்துக் காட்டச் சொல்லிச் சூப்பர்வைசரை முன்னால் தள்ளினாள்.

அவள் நடைபாதையில் உட்கார்ந்து, ஷூவுக்கு மேல் சாக்ஸை இழுத்துவிட்டாள். பையை மாட்டினாள். பெரியக்காவின் சால்வையைப் பைக்கு மேல் போர்த்திக்கொண்டாள். ஒரு விரலால் பல் தேய்த்தாள். பிறகு அப்பாவைச் சுட்டிக் காட்டினாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு கையை உயர்த்தினார்.

அக்காவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அப்புறம் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கட்டில் குலுங்கச் சிரித்தாள். நர்ஸம்மா பதறி ஓடி வந்து கதவை ஒரு சாண் திறந்தார்.

"யாரு இங்க சிரிக்க வைக்கிறது? அவங்க அசையவே கூடாது. எல்லாரும் கிளம்புங்க."

"கிளம்பறோம்மா" என்றாள் பெரியக்கா. "நாளைக்கு நாலு மணிக்கு வரோம். பிள்ளைங்க இங்கதான் இருப்பாங்க."

கதவு மூடுவதற்குள் அது அக்காவின் காதில் விழுந்துவிட்டது.